மதகுப் பெட்டிக்கு மூன்று பூட்டு

எங்கள் தெருவில் நம்பிக்கையின் விலை நூறு. ஒன்று மட்டும் போதும் என்றால் நாற்பது. மூன்றாக எடுத்தால் நூற்றிருபது ஆக வேண்டும், இருபது தள்ளுபடி. பூட்டுக்காரர் சொன்ன விலை இது. நான் பேரம் பேசாமல் கொடுத்தேன். பேரம் பேசாமல் நான் எதையாவது வாங்கினேன் என்று சொன்னால் என் மனைவியே நம்ப மாட்டாள். ஆனால் சில சரக்கை வாங்கும்போது கடை வாசலில் அதிக நேரம் நிற்கக் கூடாது.

சரக்கு என்னவென்று சொல்வதற்கு முன் தெருவைச் சொல்லிவிடுகிறேன்.

மேல்முனையில் மருந்துக்கடை. நடுவில் தெரு கொஞ்சம் தொய்ந்திருக்கும், பழைய கயிற்றுக்கட்டில் மாதிரி; அந்தத் தொய்வில் என் மொத்தக் காகிதக் கிடங்கு. கீழ்முனையில் மாவு மில். அதற்கு எதிரே என் தங்கையின் தையல் கூடம். அதைத் தாண்டினால் கால்வாய்.

முன்பெல்லாம் மழை பெய்தால் வியாபாரம் படுக்கும், அவ்வளவுதான். இந்த ஐந்தாறு வருடமாக மழைக்கு நிதானம் போய்விட்டது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியதை ஒரு மத்தியானத்தில் கொட்டித் தீர்க்கிறது. கால்வாய் நிரம்பினால் எங்கள் சாக்கடை எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பிக்கிறது. தெருத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுபோய் விட வேண்டியது, கால்வாயைத் தெருவுக்குக் கொண்டுவருகிறது. அனுப்பிய சரக்கு முழுசாகத் திரும்பி வந்து, கூடவே அடுத்த பேட்டையின் குப்பையும் இனாமாக வந்தால் எப்படியிருக்கும்? மூன்று முறை அப்படி வந்தது. நாலாவது முறைக்குக் காத்திருக்காமல் தெருவே கூடிக் காசு போட்டது.

நகர அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் அம்மா வந்து திட்டம் போட்டுக் கொடுத்தார். சாக்கடை கால்வாயில் சேரும் இடத்தில் ஓர் இரும்பு மதகு. பாலத்துத் தூணில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால் சக்கரத்தைச் சுற்றி மதகை மூடிவிட வேண்டும். மூடிய பிறகு தெருவில் விழும் மழைத்தண்ணீரைப் பம்பு வைத்துக் கால்வாய்க்குள் தள்ள வேண்டும்.

"கோட்டைத் தண்ணி தொட்டதை யார் மொதல்ல பாக்குறாங்களோ, அவங்க சுத்தலாம். இருபது சுத்து. ரெண்டு நிமிஷ வேலை," என்றார் அந்த அம்மா.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது.

"யார் வேணும்னாலுமா?" என்றார் மாவு மில்காரர். "உங்க வீட்டு பீரோவும் இப்படித்தான் திறந்து கெடக்குமாம்மா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கீழ்முனைக்காரர்களுக்கு மதகு எப்போதும் மூடியிருந்தால் நிம்மதி. எனக்கோ அது திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் லாபம். மூடிவிட்டால் மழைத்தண்ணீர் போக்கிடமில்லாமல் தொய்வில் நிற்கும். பம்பு இழுக்கிற அளவு இழுக்கும், மீதி என் கிடங்கு வாசலை விசாரிக்க வரும். நனைந்த துணியை உலர்த்தலாம், நனைந்த மாவைக்கூட மாட்டுக்குப் போடலாம். நனைந்த காகிதத்தை என்ன செய்வது?

ஆகவே சக்கரத்தின் மேல் ஓர் இரும்புப் பெட்டி கவிழ்த்தோம். பெட்டிக்கு மூன்று பூட்டு. கீழ்முனை சாவி மில்காரரிடம், நடுத்தெரு சாவி என்னிடம், மேல்முனை சாவி மருந்துக்கடைக்காரரிடம். மூன்று பேரும் வந்தால்தான் திறக்கும். எவனும் தன் வாசலுக்காகத் தனியாகச் சுற்ற முடியாது.

பொறியாளர் அம்மா பெட்டியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"அவசரத்துக்கு மூணு பேரும் இருப்பீங்களா?"

"நாங்க எங்கம்மா போகப் போறோம்? கடையை விட்டா எங்களுக்குப் போக்கு ஏது?" என்றேன். அதைச் சொன்னது நான்தான். மறுக்கவில்லை.

அடுத்த வாரமே எனக்குத் தூக்கம் போனது. மில்காரரும் மருந்துக்கடைக்காரரும் சம்பந்தி ஆகப்போவதாக ஒரு பேச்சு. இரண்டு சாவி ஒரே வீட்டுக்குள் போய்விட்டால், மூன்றாவதைப் பண்ணிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? மில்காரர் வானத்தில் ஒரு கருப்புத் துண்டைப் பார்த்ததுமே மதகை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். நான் காலையில் வந்து கிடங்கில் மீன் பிடிக்கலாம். அப்படி மூடினால் போய்த் திறக்க எனக்கும் ஒரு வழி வேண்டாமா? பூட்டு மூன்றையும் விற்றவர் எங்கள் பூட்டுக்காரர்தான். அவரிடம் போனேன்.

அவர் அரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மதகுப் பெட்டிக்கா? ஒண்ணா, மூணுமா?"

"மூணும்."

"மூணும்னா நூறு."

"வெளிய தெரியக் கூடாது."

"நான் வெளிய எதுவும் சொல்றதில்லீங்க. அதுலதான் என் அடுப்பு எரியுது."

நான் கேட்பதற்கு முன்பே அவரிடம் விலை தயாராக இருந்தது. அது என் காதில் உறைத்திருக்க வேண்டும். அடுத்தவனுடைய திருட்டுத்தனத்தையே யோசித்துக்கொண்டிருந்ததில் தவறிவிட்டது. சாவிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமலிருக்க அவற்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று முதல் கால்சட்டை மாறினாலும் கைக்குட்டை மாறவில்லை. மனைவி ஒருநாள், "அப்படி என்னதான் மூக்கு சிந்தி வச்சிருக்கீங்க, தோய்க்கப் போட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள்.

மாதம் ஒரு முறை மூன்று பேரும் கூடிப் பெட்டியைத் திறந்து சக்கரத்துக்கு எண்ணெய் போடுவோம். ஒரு மாதம் அப்படித் திறந்தபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது. ஒவ்வொரு முறையும் பெட்டியை மூடுவதற்கு முன் நான் யாரும் பார்க்காதபோது சக்கரத்துக்கும் அதன் தண்டுக்கும் சேர்த்து சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து வைப்பேன். அன்று கோடு இரண்டு துண்டாகிக் கை அகலத்துக்கு விலகி நின்றது.

"யாரோ சுத்தியிருக்காங்க," என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மில்காரர்.

"கோடு போட்டு வச்சேன்."

"நான் சக்கரத்து ஆரக்கால்ல நூல் கட்டி வச்சிருந்தேன். அதுவும் அறுந்திருக்கு," என்றார் அவர், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

பூட்டு மூன்றும் பழுதில்லாமல் இருந்தன. ஆக, யாரிடமோ மூன்று சாவியும் இருக்கிறது. அன்று சாயங்காலம் தெருக் கூட்டம். எல்லோரும் எழுந்து எழுந்து சத்தியம் செய்தார்கள். சாவியே இல்லாத சைக்கிள் கடைக்காரர்கூடத் தன் குழந்தைகள் மேல் ஆணையிட்டார். அது எனக்குச் சந்தேகமாகப் பட்டது. நானும் எழுந்தேன். "என்கிட்ட இருக்கறது ஒரே சாவி. இன்னொண்ணு இருந்தா என் கடையில வியாபாரம் விளங்காம போகட்டும்," என்றேன். கைக்குட்டை தொடையில் அழுத்தியது. உட்காரும்போது மில்காரரைப் பார்த்தபடியே உட்கார்ந்தேன், மற்றவர்களும் அவரைப் பார்க்கட்டும் என்று. பார்த்தார்கள். ஒரு மாதம் அவர் மில்லில் மாவு அரைக்க வந்த கூட்டம் பாதியானது. பேச்சைப் பரப்பியதில் என் பங்கு சிறிதில்லை.

என் தங்கை மட்டும் அன்று சத்தியம் எதுவும் செய்யவில்லை. அவளிடம் யாரும் கேட்கவுமில்லை. அவள் அப்போதுதான் பன்னிரண்டு தையல் மிஷின் புதிதாக வாங்கிப் போட்டிருந்தாள், கடனுக்கு. புருஷன் வெளியூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டுவார். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் சீருடை மொத்தமும் அவள் கைக்கு வந்திருந்தது. நாள் தவறினால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். கூட்டம் முடிந்து நடக்கும்போது கேட்டாள்.

"அண்ணா, இந்த மிஷினுக்கு மோட்டார் மேசைக்கு அடியில, முழங்காலுக்குக் கீழ தொங்குது. தண்ணி வந்தா மொதல்ல அதைத்தான் தொடும். கோட்டைத் தொட்டதும் மூடிடுவீங்கதானே?"

"நான் இருக்கேன்ல?"

அவள் என் கிடங்கு வாசலில் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

தண்ணீர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு. காலையிலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சைக்கிள் கடைக்காரர் பாலத்திலிருந்து, "கோடு! கோடு!" என்று கத்தினார். கடிகாரத்தைப் பார்த்தேன்: மூன்று மணி நாலு நிமிடம். சரக்கு வந்தால் நேரம் பார்ப்பது கைப்பழக்கம். ஓடினேன். மில்காரர் எனக்கு முன்பே பெட்டியருகே நின்றார், தலையில் மாவுச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. அவர் பூட்டு திறந்தது. என் பூட்டு திறந்தது. மூன்றாவது பூட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு தொங்கியது.

மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினேன். தனியாகப் பேசினால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

"மூத்த பொண்ணுக்குப் பிரசவம்னு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன், பேப்பர்காரரே. மேம்பாலத்துல மாட்டிக்கிட்டேன். முன்னாடியும் வண்டி, பின்னாடியும் வண்டி."

"சாவி?"

"என் இடுப்புல."

"யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"யார்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானய்யா!"

சைக்கிள் கடைக்காரர் கடப்பாரை கொண்டு வந்தார். பூட்டில் அடித்தார், நெம்பினார், நீளமாகத் திட்டினார். பெட்டியில் கீறல்கூட விழவில்லை. முதலில் வந்த பெட்டி கனம் குறைச்சல் என்று திருப்பி அனுப்பிவிட்டு, இரட்டைக் கனத்தில் செய்து வாங்கியவன் நான். பூட்டுக்காரருக்கு ஆள் அனுப்பினோம், கடை சாத்தியிருந்தது.

அதற்குள் ஏழு பேர் கூடிவிட்டோம். சாக்கடை மூடிகளின் இடுக்கில் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து, கீழ்முனை வாசல்களைப் பார்த்து நடந்தது. மூன்றாவது சாவி கைக்குட்டைக்குள் என் தொடையில் இருந்தது.

எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். போன மாதம் சுற்றியது இவன்தான் என்பார்கள். சத்தியம் செய்ததை இழுப்பார்கள். மில்காரர் ஒரு மாதத்து நட்டத்தை என் தலையில் எழுதுவார். அப்போது மில்காரரின் கையைக் கவனித்தேன். அது இடுப்புக்குப் போகும், நிற்கும், முகத்துத் தண்ணீரைத் துடைக்கிற மாதிரி மேலே வந்துவிடும். மறுபடி இடுப்புக்குப் போகும். ஓகோ, என்றது மனசு. வைத்திருக்கிறான். எடுக்கட்டுமே! அவன் மில்லும் கீழ்முனையில்தானே இருக்கிறது, என்னைவிட அவனுக்குத்தானே அவசரம்? அவன் எடுத்தால் மதகும் மூடும், போன மாதத்துத் திருடனும் கிடைப்பான்.

பேரத்தில் இப்படி நின்றிருக்கிறேன். விலையை அவன் வாயிலிருந்து வரவழைக்க, சரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, எனக்கொன்றும் வேண்டாம் என்கிற முகத்தோடு. ஒரு மணி நேரம்கூட நின்றதுண்டு. ஆனால் அந்தச் சரக்கு எதுவும் நான் நிற்கும்போது மூழ்கிக்கொண்டிருக்கவில்லை.

பதினோராவது நிமிடம் தங்கை தையல் கூடத்து வாசலில் தெரிந்தாள். தோளில் வெட்டிய துணிக் கட்டு. உள்ளே பெண்கள் துணியையெல்லாம் மேசை மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேசையோடு பூட்டிய மிஷினை எங்கே ஏற்றுவது?

"அண்ணா! மூடியாச்சா?"

"இதோ!" என்று கையைக் காட்டினேன். அந்தக் கை அப்புறம் பைக்குள் போனது. முடிச்சைத் தடவியது. அந்த நேரம் பார்த்து மில்காரர் என்னைப் பார்த்தார். கையை வெளியே எடுத்துவிட்டேன், வெறுங்கையாக.

"என்ன பையில?" என்றார்.

"கைக்குட்டை. உங்க இடுப்புல என்ன?"

"அரிப்பு."

ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். மற்ற ஐந்து பேரும் அப்படித்தான் நின்றார்கள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மூன்று இருபத்து மூன்றுக்கு அவள் வந்தாள். முழங்கால் தண்ணீரில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூடியிருந்த பூட்டைப் பார்த்தாள். கழுத்தில் சங்கிலி போலத் தொங்கிய நாடாவை இழுத்தாள். அதன் முனையில் மூன்று சாவி. மூன்றாவது பூட்டு திறந்தது.

முதலில் வாய் திறந்தவர் மில்காரர்.

"ஏம்மா! உன்கிட்ட எப்படி மூணு சாவி? அப்ப போன மாசம் சுத்தினது நீதானா?"

"ஆமா, நான்தான். நாலு சுத்து சுத்திட்டுத் திருப்பி விட்டேன். ஒருத்தியா சுத்த முடியுமான்னு பாத்தேன். முடியுது. இப்ப சக்கரத்தைப் புடிங்க, பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்."

"ஊரையே ஏமாத்தி சாவி பண்ணியிருக்கே, அதைக் கேக்கக் கூடாதா?"

அவள் பெட்டியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"பூட்டுக்காரர் குடுக்கும்போது, 'இது ஏழாவது கொத்தும்மா'ன்னாரு. மீதி ஆறு யார்கிட்டன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல."

மில்காரரின் கை இடுப்புக்குப் போனது. சைக்கிள் கடைக்காரரின் கை சட்டைப் பைக்குப் போனது, குழந்தைகள் மேல் ஆணையிட்ட அதே கை. இன்னும் இரண்டு பேர் எங்கெங்கோ தொட்டுக்கொண்டார்கள். யாரும் வைக்காமல் ஓடிக்கொண்டிருந்த போனில் மருந்துக்கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் இணைப்பைத் துண்டித்தார். என் கை எங்கே போனது என்று தங்கை பார்த்தாள்.

எல்லோரும் சேர்ந்து சுற்றினோம். இருபது சுற்று. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பம்பு சாயங்காலம் வரை ஓடியது. என் கிடங்கில் தண்ணீர் வாசற்படி ஏறி, அடித்தட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே வந்து நின்றது. ஒரு தாள் நனையவில்லை. தங்கையின் கூடத்தில் தரை உயர்ந்த பக்கம் இருந்த மேல்வரிசை ஐந்து மிஷின் தப்பியது. கீழ்வரிசை ஏழு மோட்டாரும் தண்ணீர் குடித்துவிட்டன. கோட்டைத் தொட்ட இரண்டாவது நிமிடம் மூடியிருந்தால் அவள் படியைத் தண்ணீர் தாண்டியிருக்காது. இதை நான் சொல்லவில்லை. மறுநாள் வந்து சுவரில் தண்ணீர்த் தடத்தை அளந்த பொறியாளர் அம்மா சொன்னார். பெட்டியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பெட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டோம். இப்போது யார் கோட்டைப் பார்க்கிறார்களோ அவர்கள் சுற்றலாம். சாவிக் கொத்துகளை மருந்துக்கடை வாசலில் ஒரு டப்பாவில் போட்டுவிடலாம், யார் போட்டது என்று யாரும் பார்க்கக் கூடாது என்று முடிவாயிற்று. ஏழில் ஐந்துதான் வந்திருக்கிறது. பெட்டியே இல்லை. அந்த இரண்டு பேர் எதைத் திறக்க வைத்திருக்கிறார்கள் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மில்காரரைத்தான் நினைக்கிறேன், தப்பாகவும் இருக்கலாம்.

நாலாம் நாள் ஏழு புது மோட்டார் வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு தங்கையிடம் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து சேறு துடைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார்களைப் பார்த்தாள். எழுந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பெண், யார் கொடுத்தாலும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டாள்.

"நீங்களும் மூணு சாவிக்கும் பண்ணியிருந்தீங்களா?"

"ஆமா."

"எவ்வளவு குடுத்தீங்க?"

"நூறு."

"என்கிட்ட எழுபதுதான் வாங்கினாரு. பேரம் பேசவே இல்லையா நீங்க?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மில்காரர் முந்திக்குவாருன்னு பயந்துதானே பண்ணீங்க? நான் அவருக்குப் பயந்து பண்ணல, அண்ணா. மழை வந்தா நீங்க உங்க காகிதத்தைப் பாப்பீங்கன்னு நெனச்சுப் பண்ணேன்."

"காகிதத்துக்காக நிக்கலம்மா."

"அப்ப எதுக்கு நின்னீங்க?"

வாயில் பதில் இருந்தது. மில்காரர் முதலில் எடுக்கட்டும் என்று நின்றேன் என்றால், அதற்குக் காகிதத்துக்காகவே நின்றிருந்தால் தேவலை என்று ஆகிவிடும்.

"சாவி வச்சிருந்தும் நீயே ஏன் உடனே வரல?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்கதான் 'இதோ'ன்னு கையைக் காட்டினீங்களே. அதுக்கப்புறமும் எட்டு நிமிஷம் நம்பினேன்."

சீருடைக் கணக்கு எழுதும் நோட்டைக் கடைசிப் பக்கத்தில் திறந்தாள். எங்கள் வீட்டில் எல்லோரும் எழுதுகிற மாதிரி இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. எழுதி முடித்து, மை காய்வதற்குள் என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

நனைந்த மோட்டார் ஏழு. அண்ணன் தந்தது ஏழு. நேர்.

தவறிய நிமிடம் பத்தொன்பது. அண்ணன் தந்தது இல்லை. பாக்கி பத்தொன்பது.